லாரிக் கண்ணாடியில் தொங்கிய கூட்டம்

எங்கள் அண்ணி அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. குடும்பத்துக்கு வரவேண்டிய அவசரம் மொத்தமும் என் ஒருவனிடமே வந்து சேர்ந்துவிட்டது என்று என் மனைவி சொல்வாள். சொல்லட்டும். சந்தையில் கடை போட்டுத் தொண்டை கிழியக் கத்துகிறவன் நான். நான் நிதானமாக நின்றால் எங்கள் தேனை யார் வாங்குவார்கள்? அண்ணியோ வாயைத் திறந்தால் முதல் வார்த்தை "பொறு" என்பதுதான். பெட்டியைத் திறக்கலாமா என்று கேட்டால் பொறு. தேன் எடுக்கலாமா என்றால் பொறு. சோற்றில் கை வைக்கப் போனால்கூடச் சில நாள் பொறு. தெருவில் அவருக்கு 'பொறு அக்கா' என்று பேரே வைத்துவிட்டார்கள். அவரும் கோபித்துக்கொள்ளாமல் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்க்கிறார்.

தேன்தான் எங்கள் குடும்பத் தொழில். குடும்பம் என்றால் நாலு பேர். தேனீக்கள் அண்ணி பொறுப்பு. பெட்டி செய்வதும் பழுது பார்ப்பதும் அண்ணன். அவருக்குக் கைத்தொழில் சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. வேலை இல்லாத நாளில் பெட்டிப் பக்கம் வருவார். தேனைப் பிழிந்து வடிகட்டிப் பாட்டிலில் அடைப்பது என் மனைவி. விற்பது நான். "தேனீங்களையும் சேர்த்துச் சொல்லு தம்பி, நாலு பேருன்னு சொல்லாத" என்பார் அண்ணி. இந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

பெட்டிகள் இருப்பது மரக்கடைக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில். முன்பக்கம் ரம்பம் ஓடும் சத்தம் காதைப் பிளக்கும். மரத்தூள் காற்றில் பறந்து வந்து சட்டைக் காலரில் உட்காரும். ஆனால் குறுக்குச் சுவரைத் தாண்டிப் பின்னால் போய்விட்டால் வேறு சத்தம்தான். அந்தச் சுவரோரமாகக் கால் வைத்த மேடைகள், மேடைகளின் மேல் பெட்டிகள். அதற்கும் பின்னால் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் வீடுகள், தோட்டங்கள், பள்ளிக்கூடத்து மரங்கள்.

மற்றவர்கள் தேனீ வளர்ப்பதுபோல அண்ணி வளர்ப்பதில்லை. இதை நான் சந்தையில் பெருமையாகச் சொல்வேன், வீட்டில் தலையில் அடித்துக்கொண்டு சொல்வேன். மற்ற இடங்களில் பூ கொட்டிக் கிடக்கும்போதே தேனை எடுத்துவிட்டு, தேனீக்களுக்குச் சர்க்கரைப் பாகு காய்ச்சி வைப்பார்கள். அண்ணி பாகு வைக்கமாட்டார். "அவங்க வீட்டுச் சாப்பாட்ட நாம எடுத்துக்கிட்டு, அவங்களுக்குச் சர்க்கரைத் தண்ணியா?" என்பார். மழைக்காலம் முழுவதும் தேனீக்கள் தங்கள் தேனைத் தின்று, புதுப் பூ வந்த பிறகும் மேல் பெட்டியில் மிஞ்சி இருந்தால், அதுதான் எங்களுக்கு. இடம் போதவில்லை என்று தெரிந்தால் அடியில் ஒரு காலிப் பெட்டியைச் செருகுவார். அடை கட்டுவதற்கு மேலே குச்சிகள் மட்டும்தான். நேராகவோ கோணலாகவோ தேனீக்களே கட்டிக்கொள்ளும். மற்றபடி பெட்டியைத் திறப்பதே இல்லை. பெட்டியில் காதை வைத்துக் கேட்பார். வாசல் எதிரில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, யார் எந்த நிறத்தில் மகரந்தம் சுமந்து வருகிறார்கள் என்று பார்ப்பார். பக்கத்தில் நாங்கள் போகலாம், ஆனால் வாழைப்பழம் தின்றுவிட்டுப் போகக் கூடாது. அந்த வாசனை அடித்தால் தேனீக்களுக்குச் சண்டை வந்துவிட்டது என்று அர்த்தமாம். அதை நம்பாமல் ஒருமுறை நான் பழத்தோடு போய், இரண்டு நாள் ஒரு கண்ணால் வியாபாரம் பார்த்தேன்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் வயிறு எரிந்தது வேறு ஒன்றுக்கு. பூக்காலத்தில் ஒரு பெட்டி நன்றாகச் செழித்தால், பழைய ராணி பாதிக் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வெளியே பறந்துவிடும். உள்ளே இருக்கும் மீதிக்குப் புது ராணி பிறந்துவிடும். தேனீ வளர்க்கிற மற்றவர்கள் ராணியின் இறக்கையைக் கத்தரித்தாவது இதைத் தடுப்பார்கள். அண்ணி கைகட்டி நின்று பார்ப்பார். நாங்கள் வைத்த காலிப் பெட்டிக்கு வந்தால் சரி, வராமல் ஊரைப் பார்த்துப் பறந்தால் கையை ஆட்டி வழியனுப்புவார்.

"அண்ணி, பறந்து போறது நம்ம தொழில்!" என்று நான் கத்துவேன்.

"கல்யாணம் ஆகிப் போற பொண்ண வாசல்ல மறிச்சு நிக்கிறியே தம்பி. போகட்டும் விடு."

அப்படிப் போனவை எத்தனையோ. ஒன்று மணிக்கூண்டில் குடியேறியது. ஒன்று ரயில் நிலையத்துக் கூரைக்குள். ஒன்று பள்ளிக்கூடத்துப் பெரிய மரப்பொந்தில். ஊரில் எங்கே ஒரு தேனீ யாரைக் கொட்டினாலும் எங்கள் வீட்டுக்குத்தான் புகார் வரும்.

அண்ணிக்கு இந்த நிதானம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் பன்னிரண்டு வருஷம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வெள்ளை விளக்குக்குக் கீழே நீள மேஜை, மேஜையில் மலைபோலச் சட்டைகள். ஒவ்வொன்றையும் விரித்து, நூல் பிசிறை வெட்டி, பித்தானை இழுத்துப் பார்த்துத் தள்ள வேண்டும். "சீக்கிரம், சீக்கிரம்" என்று ஒருத்தி முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பாள். தண்ணீர் குடிக்க மணி, சாப்பிட மணி, கழிப்பறைக்குக்கூடக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வீட்டுக்கு வந்தால் தட்டில் இருக்கும் சோற்றைக்கூடப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார், பிசிறு தேடுகிற மாதிரி. அண்ணனின் பழைய பெயிண்ட் அலமாரிக்குள் ஒருநாள் ஒரு தேனீக் கூட்டம் தானாக வந்து குடியேறியபோது, மருந்து அடிக்கப் போன அண்ணனின் கையைப் பிடித்து "பொறுங்க" என்றார் அண்ணி. எங்கள் தொழில் அந்தச் சொல்லில் ஆரம்பித்தது. சில வருஷங்களில் தொழிற்சாலையை விட்டுவிட்டார். விட்ட பிறகுதான் அவர் முகத்தில் சிரிப்பு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிய வந்தது.

போன மழைக்காலத்தில் கால்வாய் உடைத்துக்கொண்டது.

விடிந்தும் விடியாமலும் மரக்கடைக் காவலாளி ஓடிவந்து சொன்னார். நாங்கள் போவதற்குள் தண்ணீர் மேடைக்கு மேலே ஏறிவிட்டது. கடையிலிருந்து மிதந்து வந்த கட்டைகள் மோதி மேடைகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. இடுப்பளவு தண்ணீரில் அண்ணி ஒரு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி நின்றார். அதிலிருந்தும் தண்ணீர்தான் கொட்டியது. வடிகட்டியில் மிஞ்சிய தேயிலைத் தூள்போலத் தேனீக்கள் தண்ணீர் மேல் ஒதுங்கிக் கிடந்தன. ஒரு பெட்டித் தேனீகூடத் தப்பவில்லை. சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சமும் விடாத மழையில் நனைந்து நனைந்து செத்துப்போயின. அண்ணி அழுத அழுகையை நான் இதற்கு முன் கேட்டதில்லை. வாய்விட்டு, பேர் சொல்லி அழுகிற மாதிரி அழுதார். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

தண்ணீர் வடிந்ததும் நான் ஒரு பெட்டி வியாபாரியைப் பிடித்தேன். தூரத்திலிருந்து தேனீக்களை லாரியில் ஏற்றிவந்து விற்கிறவர். சொன்னால் அடுத்த வாரமே இறக்கிவிடுவேன் என்றார். ஓடிவந்து அண்ணியிடம் சொன்னேன்.

"வேண்டாம் தம்பி."

"ஏன் அண்ணி?"

"அதுங்க சர்க்கரைப் பாகுல வளர்ந்தது. இந்த ஊர்ல எந்தப் பூ எப்போ பூக்கும்னு அதுங்களுக்கு என்ன தெரியும்? லாரில குலுக்கிக் கொண்டாந்து இறக்கி, இதுதான் உன் வீடுன்னு சொன்னா அது வீடாயிடுமா? தானா வந்தா வரட்டும்."

"தானா எங்கிருந்து வரும்? வானத்துலேருந்தா?"

"நீதானே சொல்லிச் சொல்லிப் புலம்புவ, பறந்து போச்சு பறந்து போச்சுன்னு. அதெல்லாம் எங்க போச்சு? மேலதானே இருக்கு?"

மணிக்கூண்டுக்கும் நிலையத்துக் கூரைக்கும் வெள்ளம் ஏறவில்லைதான். பூக்காலம் வந்தால் அங்கிருக்கும் கூட்டங்கள் பிரியும். பிரிகிற கூட்டம் வீடு தேடும். ஆனால் இத்தனை பெரிய ஊரில், தேடி வந்து எங்கள் பெட்டியைத்தான் பிடிக்க வேண்டும் என்று அதற்கு என்ன தலையெழுத்து? "மணிக்கூண்டுல ஏறி வெட்டி எடுத்துட்டு வந்துடலாம்" என்றேன். அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் நான் டீ குடிக்கக் கிளம்பிவிட்டேன்.

மரக்கடைக்காரருக்கும் வெள்ளத்தில் நல்ல அடி. கீழடுக்கு மரம் முழுவதும் ஊறி வளைந்துவிட்டது. நல்ல மனுஷர்தான், ஆனால் வியாபாரி. "ஏம்மா, நான் தப்பா சொல்லல" என்று ஆரம்பித்தார். "பின்னாடி மேடு போட்டு மரம் அடுக்கணும். தேனீ இருந்தா உன் இடம். காலிப் பெட்டிக்கு நான் எப்படி இடம் விடறது? பூக்காலம் முடியற வரைக்கும் பாரு. வரலைன்னா பின்கதவுச் சாவிய குடுத்துடு." அண்ணி சரி என்றார்.

அதற்கு மேல் இன்னொன்று. தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்தது. அண்ணியின் பழைய மேஜையில் இடம் காலியாம். மழை நின்ற பிறகும் அண்ணனுக்குப் பெயிண்ட் வேலை வரவில்லை. ஊரில் ஒரு சுவரும் உலரவில்லை. தேன் இல்லாத கடையை நான் எப்போதோ மூடியாயிற்று. அண்ணி நகத்தைப் பார்த்தபடி, "பூ முடிஞ்சு வரேன்" என்றார். அன்று இரவு சாப்பிடும்போது அவர் தட்டுச் சோற்றைப் புரட்டிப் புரட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். என் மனைவியும் கவனித்தாள்.

பூக்காலம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அத்தனை மழைக்குப் பிறகு மரங்கள் வெறி பிடித்ததுபோலப் பூத்தன. அண்ணி தினமும் காலையில் மணிக்கூண்டு, நிலையம், பள்ளிக்கூடம் என்று சுற்றிவிட்டு வருவார். நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவர் அண்ணியைத் தூரத்தில் பார்த்ததுமே "உங்க ஆளுங்க எல்லாரும் சௌக்கியம்" என்று கத்துவாராம். கூட்டங்கள் பெருத்துவிட்டன, பிரியப்போகின்றன என்று அண்ணி சொன்னார். எங்கள் இடத்தில் மேடைகளை உயர்த்திக் கட்டி, வெள்ளத்தில் மிஞ்சிய பெட்டிகளை அண்ணன் வரிசையாக வைத்திருந்தார். வேவு பார்க்கும் தேனீக்களும் வந்தன. வாசலில் இறங்கும். உள்ளே போகும். போன வேகத்தில் வெளியே வந்து பறந்துவிடும். ஒன்றல்ல, வந்தது எல்லாமே அப்படித்தான். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர்கள் சமையலறையைப் பார்த்ததும் திரும்பிப் போவார்களே, அதேதான்.

அண்ணி இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் ஒரு பெட்டியின் மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டார். தலை வெளியே வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"ஏங்க, இங்க வாங்க. உள்ளேயும் பெயிண்ட் அடிச்சீங்களா?"

அண்ணன் முகமெல்லாம் பல்லாக நின்றார். "ரெண்டு கோட்டு! சோப்புப் போட்டுக் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, அதுக்கப்புறம் ரெண்டு கோட்டு. சேத்து நாத்தம் துளி இருக்கா பாரு. நீ பாத்தா சந்தோஷப்படுவேன்னு சொல்லாம வச்சிருந்தேன்."

பெட்டியின் உட்புறம் ஆஸ்பத்திரிச் சுவர்போல வெளிர்நீலத்தில் பளபளத்தது. பழைய மெழுகின் வாசனைதான் தேனீயைக் கூப்பிடும், இங்கே உன்போல ஒருத்தி முன்பு வாழ்ந்தாள் என்று சொல்லும். என் அண்ணன் அந்த வாசனையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மேலே இரண்டு கோட்டும் அடித்திருந்தார். ஊரிலேயே சுத்தமான தேனீப் பெட்டிகள் எங்களுடையவை. அதில் எந்தத் தேனீ காலை வைக்கும்? நான் சிரித்தேனா கத்தினேனா என்று எனக்கே நினைவில்லை. அண்ணி கத்தவில்லை. அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா அடிச்சிருக்கீங்க. ஒரு சொட்டு வழியல" என்றார். அப்போதுதான் அண்ணனுக்கு விஷயம் புரிந்து, அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு பெயிண்டரின் கண்ணில் நீர் நிற்பதைப் பார்ப்பது சுலபமில்லை.

பெயிண்ட்டைச் சுரண்டினாலும் நாற்றம் போகாது. பெயிண்ட் படாத மரத்தில் புதுப் பெட்டி வேண்டும். அண்ணன் அன்றைக்கே மரக்கடைக்குள் நுழைந்து கழிவுப் பலகைகளைப் பொறுக்கினார். கடைக்காரரே அறுத்துக் கொடுத்தார். தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளப்போகும் பெட்டிக்குத் தானே பலகை அறுக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியதா தெரியவில்லை. மெழுகு? எல்லா அடையும் வெள்ளத்தோடு போயிற்று. என் மனைவி உள்ளே போய், சோப்பு டப்பாவில் பத்திரமாக வைத்திருந்த ஒரு கறுத்த உருண்டையைக் கொண்டுவந்தாள். இஸ்திரிப் பெட்டியின் அடியில் தேய்ப்பதற்கும், இறுகிய ஜிப்புக்கும் அவள் வைத்திருந்தது. கூடவே தேன் வடிகட்டும் துணி, எத்தனையோ வருஷத்து மெழுகு ஏறி விறைத்தது.

"அக்கா, இத வச்சுக்கங்க. ஜிப்பு இறுகினா இறுகட்டும்" என்றாள்.

அதை உருக்கி, புதுப் பெட்டிகளின் உட்புறம் முழுக்க அண்ணன் பூசினார். பெயிண்ட் பிரஷ்ஷால்தான். ஆனால் இந்த முறை ஒவ்வொரு பெட்டிக்கும் அண்ணி தலையை உள்ளே விட்டு மோந்து பார்த்த பிறகுதான் அடுத்தது.

இதற்குள் பூக்கள் உதிரத் தொடங்கிவிட்டன. வேவுத் தேனீக்கள் வந்தன. இப்போது உள்ளே போனவை சீக்கிரம் வெளியே வரவில்லை. சுவர் சுவராக நடந்து அளந்தன. ஆனால் கூட்டம் எதுவும் வரவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கடைக்காரர் கூப்பிட்டனுப்பி, சனிக்கிழமை மர லாரி வருகிறது என்றார். தொழிற்சாலையிலிருந்து, திங்கட்கிழமை காலை வேன் தெருமுனையில் நிற்கும் என்று தகவல் வந்தது. திருப்பிக் கொடுப்பதற்காக அண்ணி சாவியைத் துடைத்து ஆணியில் மாட்டினார்.

சனிக்கிழமை வெயில் நன்றாக ஏறிய நேரத்தில் லாரி வந்தது. டிரைவர் இறங்கிச் சோம்பல் முறிக்கும்போதே வானம் இரைந்தது. மணிக்கூண்டுப் பக்கமிருந்து ஒரு புகை மாதிரி வந்தது. வந்து, லாரியைச் சுற்றிச் சுழன்று, டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் இறங்கி, பலாப்பழம் தொங்குவதுபோலத் தொங்கியது. டிரைவரைக் காணோம். தேடியபோது டீக்கடை பெஞ்சின்மேல் நின்றுகொண்டிருந்தார்.

தெருவே கூடிவிட்டது. நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அண்ணி, கண்ணாடிய ஒரு உலுக்கு உலுக்குங்க, உள்ள விழுந்துடும்!"

"பொறு."

"இப்பவுமா பொறு?"

"உலுக்கிப் போட்டா விழும். நாளைக்குக் கிளம்பிப் போயிடும். இன்னும் முடிவு பண்ணல பாரு அவங்க."

கண்ணாடிக்கு ஒரு கை தூரத்தில், முகத்தை மூடாமல் அண்ணி நின்றார். கூட்டத்தின் மேல் சில தேனீக்கள் வாலை ஆட்டி ஆட்டி ஓடின. வேவு பார்த்து வந்தவை அவைதான். தாங்கள் பார்த்த இடம் எந்தத் திசை, எத்தனை தூரம் என்பதை ஆடித்தான் சொல்லும். மற்றவை ஆட்டத்தைப் பார்த்து, போய்ச் சோதித்து வந்து, பிடித்திருந்தால் சேர்ந்து ஆடும். எல்லாரும் ஒரே பக்கம் ஆடினால் கூட்டம் கிளம்பும்.

"ரெண்டு இடம் சொல்றாங்க" என்றார் அண்ணி. "பாதிப் பேர் மாவு மில்லு. பாதிப் பேர் நம்ம பின்பக்கம்."

மரக்கடைக்காரர் வந்து சேர்ந்தார். வந்தவர் கோபமாகத்தான் வந்தார். "ஏம்மா, லாரி நிக்குது, ஆளுங்க நிக்கிறாங்க, எவ்வளவு நேரம்?" அண்ணி திரும்பாமலே கையைக் காட்டி அமர்த்தினார். அவரும் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மெதுவான குரலில் கேட்டார்:

"இப்போ யாரு முன்னாடி?"

"மில்லு."

"அடச்சே."

அந்த 'அடச்சே'யில் எனக்கு அவர்மேல் இருந்த வருத்தமெல்லாம் போய்விட்டது. டீக்கடையிலிருந்து யாரோ "என்ன நிலவரம்?" என்று கத்த, கடைக்காரர் "மில்லுதான் முன்னாடி!" என்று திரும்பிக் கத்தினார். தெரு உச்சுக் கொட்டியது. தேர்தல் முடிவுக்குக்கூட எங்கள் தெரு இப்படி நின்றதில்லை. என் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள், நகம் பதிகிற மாதிரி. அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். மில்லுக்குப் போய்விட்டால் அதற்குக் காரணம் தன் இரண்டு கோட்டுதான் என்று அவருக்கு. எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. அந்த வெள்ளை விளக்கும் அந்த நீள மேஜையும்தான் கண்ணுக்கு முன் வந்து வந்து போயின. போய்விடாதே, போய்விடாதே என்று பூச்சிகளிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

"இன்னும் ரெண்டு பேர் நம்ம பக்கம் வந்தாச்சு" என்றார் அண்ணி. பிறகு, "மில்லுல ஒருத்தி ஆடறத நிறுத்திட்டா." பிறகு வெகுநேரம் கூட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கழுத்தில் வேர்வை வழிந்தது. ஒரு தேனீ அவர் காதோரம் நடந்து போயிற்று.

சட்டென்று கூட்டம் இளகியது. பழம் உதிர்ந்து புகையானது. மேலே எழும்பி, லாரிக்கு மேல் ஒரு வட்டம் அடித்து, நேராக மில் பக்கம் நகர்ந்தது. தெருவிலிருந்து ஒரு பெருமூச்சு. கடைக்காரர் தலையில் கை வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"திரும்புது! திரும்புது!" என்று கத்தினது என் மனைவி.

கூட்டம் மரக்கடைக் கூரைக்கு மேல் வளைந்து, குறுக்குச் சுவரைத் தாண்டிப் பின்பக்கம் இறங்கியது. நாங்கள் எல்லாரும் ரம்பத்தைத் தாண்டி, மரத்தூளில் வழுக்கிக்கொண்டு ஓடினோம். மேடையிலிருந்த நடுப் பெட்டியின் வாசலில் முதல் தேனீக்கள் வாலைத் தூக்கி இறக்கையை வீசிக்கொண்டிருந்தன. எலுமிச்சைப் புல்லைக் கசக்கினாற்போல ஒரு வாசனை. வாசல் பலகை கறுத்துப்போகும் அளவுக்கு வந்து இறங்கி, தள்ளுமுள்ளு இல்லாமல், சினிமாக் கொட்டகைக்குள் போவதைவிட ஒழுங்காக உள்ளே நடந்து போயின. நடுவில் நீளமாக, பொன்னிற வயிற்றோடு ஒருத்தி. "ராணி" என்றார் அண்ணி. குரல் உடைந்திருந்தது. அவளும் உள்ளே போனாள்.

அண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்து சிரித்தார். அழுதுகொண்டே சிரித்தார். கையைத் தட்டினார். நான் பார்த்த அண்ணி அல்ல இவர். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டியைக் காட்டி, "பூசினது நான்தான்" என்றார். ஆமாம் ஆமாம் என்று அண்ணி அவர் தோளில் அடித்தார்.

மரக்கடைக்காரர் முன்பக்கம் போய், "மரத்த அந்த ஓரமா இறக்குங்க. பின்னாடி யாரும் போகக் கூடாது, தேனீ குடிவந்திருக்கு" என்று ஆட்களை விரட்டும் சத்தம் கேட்டது. ஏதோ அவரே கூப்பிட்டு வந்த மாதிரி. டிரைவர் மட்டும் பெஞ்சிலிருந்து இறங்க மறுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நிலையத்துப் பக்கமிருந்து இன்னொரு கூட்டம் வந்தது. இது எங்கும் தொங்கவில்லை. வந்த வழியிலேயே ஓரத்துப் பெட்டிக்குள் போய்விட்டது. முந்தின நாள் அத்தனை பேரும் பட்ட பாட்டை இதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

இரண்டு பெட்டியை வைத்துக்கொண்டு தொழில் நடக்காது. அடுத்த வருஷம் தேன் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அதெல்லாம் எனக்குத் தெரியும், சந்தைக்காரன் நான். திங்கட்கிழமை காலை தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தபோது, போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போங்கள் என்று சொல்லவும் வரவில்லை. அண்ணி ஏற்கெனவே பின்பக்கத்தில் இருந்தார். ஹாரன் மறுபடி அடித்தது. ஆள் அனுப்பிச் சொல்லிவிடலாம் என்றார் அண்ணன். அண்ணி கேட்கவில்லை. முழங்கையில் மெழுகும் தலையில் மரத்தூளுமாகத் தெருவில் நடந்து வேனுக்குப் போனார். ஜன்னல்களில் அவரோடு அந்த மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்த பெண்கள்.

"ஏறுங்கக்கா, நேரமாச்சு, சீக்கிரம்" என்றார் வேன்காரர்.

"நான் வரலப்பா" என்றார் அண்ணி. கடைசி ஜன்னலில் இருந்தவளுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "எனக்கு வேலை இருக்கு."

வேனுக்குள் யாரோ ஒருத்தி விசில் அடித்தாள். அத்தனை பேரும் ஜன்னல் கம்பியைத் தட்டிக் கூச்சல் போட, வேன்காரர் தலையை ஆட்டிக்கொண்டே வண்டியைக் கிளப்பினார். வேன் திருப்பத்தில் மறையும்வரை அந்தச் சத்தம் கேட்டது. அண்ணி நின்று பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்து மரப்பக்கம் வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு, இன்னொரு காலிப் பெட்டியைத் தூக்கி வைக்கச் சொல்லி எங்களை விரட்டிக்கொண்டு உள்ளே ஓடினார்.